பாலிக் பூலாவ் மேட்டில் சோதனை ஓட்டம்

துளசிக்கு மேடு என்றால் பயம். பிறந்ததிலிருந்தே இருந்த பயமில்லை. ஒருநாள் காலை வேலைக்குப் போகும்போது பாயா தெருபோங் மேட்டில் நெரிசலில் நின்றிருந்தாள். முன்னால் நின்ற சிமெண்டு லாரி மெதுவாகப் பின்னால் உருண்டு வந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். லாரி நிற்கவில்லை. அவளுடைய சின்னக் காரின் முன்பக்கம் நசுங்கி, கண்ணாடித் துண்டுகள் மடியில் கொட்டிய பிறகுதான் நின்றது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கி வந்தாள். ஆனால் அதன்பிறகு மேட்டில் எந்த வண்டிக்குப் பின்னால் நின்றாலும் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

இது தெரிந்தும் அவள் கணவன் மோகனராஜ் மலையேறும் வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தண்ணீர்ப் பம்பும் சூரிய மின்தகடும் பொருத்துகிற வேலை அவனுக்கு. பாலிக் பூலாவ் மலையில் இருக்கும் டுரியான் பழத் தோட்டங்களிலிருந்து இப்போது நிறைய அழைப்பு வந்தது. பழுதுபார்த்து வைத்திருந்த சின்னக் கார் அந்தப் பாதைகளில் பாதிகூட ஏறாது. துளசி அதே காரில்தான் கெலுகோர் வீட்டிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். வீட்டில் மூன்றாவதாக மோகனராஜின் அக்கா சந்திரிகா இருந்தாள். போன வருடம் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து தம்பி வீட்டோடு இருக்கிறாள். சிகிச்சைக்காக அடிக்கடி மருத்துவமனைக்குப் போகவேண்டும். சின்னக் காரில் குனிந்து ஏறுவதும், குழியில் விழுந்தெழுவதும் அவளுக்கு நரகமாக இருந்தது.

ஆக ஒரே வண்டி மூன்று பேருக்குப் பொருந்த வேண்டும். மலையேற வேண்டும், நெரிசலில் கால் வலிக்காமல் ஊர வேண்டும், முதுகை உலுக்கக் கூடாது. நடுத்தர அளவில் ஒரு எஸ்யூவி வாங்குவதென்று முடிவானது. எது என்பதில்தான் வீட்டில் பேச்சு ஓயவில்லை.

முதலில் பார்த்தது ஷோரூமில். ஷஹீரா என்ற விற்பனைப் பெண் சாவியைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். துளசி கிரீன்லேன் வழியாக ஓட்டினாள். வண்டி சத்தமே போடவில்லை. சாலையில் தோண்டி மூடியிருந்த இடங்களில்கூடப் படகு மாதிரி மிதந்து போனது. சந்திரிகா பின்சீட்டில் சாய்ந்தவள், திரும்பி வரும்வரை வாய் திறக்கவில்லை. இறங்கும்போது, முதுகு இருப்பதையே மறந்துவிட்டேன் என்றாள். மோகனராஜ் மட்டும் தரையில் குத்துக்காலிட்டு வண்டியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் என்று ஷஹீரா சொன்னதை அவன் நம்பவில்லை. தரைக்கும் வண்டிக்கும் நடுவில் இடம் போதாது, மலைக்கென்று தனியாக லோ கியர் கிடையாது, இது மால் வாசலில் நிறுத்துகிற காடி என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

இரண்டாவது வண்டியை அவனே கண்டுபிடித்தான். பாலிக் பூலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் ஹைருல் என்பவன், அவனிடம் முன்பு பம்பு பொருத்திக்கொண்டவன், தன்னுடைய பழைய எஸ்யூவியை விற்கப் போகிறானாம். லாரிபோல் தனிச் சட்டத்தின்மேல் கட்டிய வண்டி. உயரம். மலையேற ஃபோர் வீல் லோ கியரும் உண்டு. நன்றாகப் பராமரித்திருக்கிறான். என் மலையிலேயே ஓட்டிப் பாருங்கள் என்று ஹைருல் கூப்பிட்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் மூவரும் போனார்கள். சந்திரிகா வரவேண்டாம் என்று துளசி சொல்லிப் பார்த்தாள். தினமும் பின்சீட்டில் உட்காரப் போகிறவள் தான்தானே என்று சந்திரிகா கிளம்பிவிட்டாள். மலைக்குமேல் மேகம் கறுத்துக் கிடந்தது. துளசி அதைக் காட்டினாள். மழை வந்தால்தான் காடியின் லட்சணம் தெரியும் என்று மோகனராஜ் சிரித்தான்.

ஹைருலின் வீடு மலையடிவாரத்தில் இருந்தது. அவன் மனைவி ரோஹானா தேநீர் கொடுத்தாள். ஹைருல் வண்டியின் கதவுகளைத் திறந்து காட்டி, கியருக்குப் பக்கத்திலிருந்த சிறிய நெம்புகோலை எப்படித் தள்ளுவதென்று மோகனராஜுக்குச் சொல்லிக்கொடுத்தான். பிறகு தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனான். மோகனராஜ் ஓட்ட, துளசி அவன் பக்கத்திலும் சந்திரிகா பின்னாலும் உட்கார்ந்தார்கள்.

அடிவாரத்தில் சிமெண்டுப் பாதை. ஒரு வண்டி போகும் அகலம்தான். இடப்பக்கம் வெட்டிய மலைச்சுவர், வலப்பக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் எங்கோ ஓடையின் சத்தம். துளசி கைப்பிடியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஒரு தோட்டக் கொட்டகையைத் தாண்டியதும் சிமெண்டு முடிந்து செம்மண் ஆரம்பித்தது. மோகனராஜ் வண்டியை நிறுத்தி, சிறிய நெம்புகோலை லோவுக்குத் தள்ளினான். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. சந்திரிகா ஒவ்வொரு குலுக்கலுக்கும் மூச்சை உள்ளிழுத்தாள். ஆனால் போதும் என்று சொல்லவில்லை.

மழை தூறலாக வராமல் ஒரேயடியாகக் கொட்டியது. வைப்பர் என்ன வேகத்தில் அடித்தும் முன்னால் ஹைருலின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பாதையே ஓடையாகி, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்து வந்தது.

"திரும்பிடலாங்க," என்றாள் துளசி.

"எங்க திரும்புறது? மேல போனாதான் எடம் இருக்கு லா."

ஒரு வளைவில் பின்சக்கரம் சுழன்றது. வண்டி ஏறவில்லை. மோகனராஜ் இரண்டாம் முறை மிதித்தான். பின்பக்கம் வலப்பக்கமாக, பள்ளத்தை நோக்கி, ஒரு சாண் நகர்ந்தது. மோகனராஜ் கியரை பார்க்கில் போட்டான், கைப்பிரேக்கை இழுத்தான். சக்கரம் எதில் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கதவைத் திறந்து இறங்கினான். ஓட்டுநர் பக்கம்தான் பள்ளத்தின் பக்கம். வேண்டாம் என்று துளசி சொல்வதற்குள் கதவை மூடிவிட்டான்.

பக்கக் கண்ணாடியில் அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது தெரிந்தது. பின்சக்கரத்தருகே குனிந்தான். பிறகு அந்தக் கண்ணாடியில் அவன் இல்லை.

கத்தல் எதுவும் கேட்கவில்லை. அதனால் அவன் வண்டிக்குப் பின்னால் போயிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். சந்திரிகா கஷ்டப்பட்டுத் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"தம்பிய காணோம்," என்றாள். அவள் குரல் அவளுடையது போலவே இல்லை. "ஓரம் இடிஞ்சிருக்கு துளசி. அங்க மண்ணே இல்ல."

துளசி கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். அப்போது வண்டி நகர்ந்தது.

கைப்பிரேக் போட்ட வண்டி, கியர் பூட்டிய வண்டி, சக்கரம் சுழலாமலே வழுக்கியது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், சோப்பு நுரையில் தட்டு நகர்வது போல் பின்னால் போனது. போகும்போது பின்பக்கம் வலதுபக்கம் சாய்ந்தது. நின்றது. மறுபடி கொஞ்சம் போனது. அந்த லாரி அவளை நோக்கி வந்ததும் இந்த வேகத்தில்தான். அப்போது செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். இறங்கி ஓடிவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அவள் பக்கம் மலைச்சுவர், கதவைத் திறந்தால் சேற்றில் குதித்துத் தப்பிக்க இடம் இருந்தது. பின்னால் சந்திரிகாவால் தானாக இறங்க முடியாது.

கியர்மேல் கால் தூக்கிப் போட்டு ஓட்டுநர் சீட்டுக்கு நகர்ந்தாள். முட்டி எதிலோ இடித்தது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தாள். வண்டி நின்றது போலிருந்தது, பிறகு மிதித்திருக்கும்போதே மறுபடி வழுக்கியது.

முன்னால் மழைக்குள்ளிருந்து ஹைருல் ஓடி வந்தான். மோட்டார் சைக்கிளை எங்கோ போட்டுவிட்டிருந்தான். வண்டியையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் ஆட்டி மலாயில் கத்தினான். பிரேக்கை விடு என்கிறான். ரிவர்சில் போடு, பிரேக்கை விடு, கியரே பிடித்துக்கொள்ளும் என்கிறான். துளசிக்கு வார்த்தை புரிந்தது, நம்ப முடியவில்லை. வழுக்கி விழப்போகிற வண்டியில் பிரேக்கை விடு என்கிறானே. ஹைருல் கீழே போ, கீழே போ என்று பாதையைக் கையால் காட்டினான். சக்கரம் உருண்டால்தான் ஸ்டீயரிங் கேட்கும் என்று கத்தினான். பிறகு பள்ளத்துப் பக்கம் ஓடி அவள் பார்வையிலிருந்து மறைந்துபோனான்.

"அண்ணி, பின்னால பாத்து சொல்லுங்க," என்றாள் துளசி. "ஓரம் எவ்வளவு கிட்ட இருக்குன்னு சொல்லுங்க. எனக்குக் கண்ணாடியில ஒண்ணும் தெரியல."

சந்திரிகா சீட்டின் முதுகைக் கட்டிக்கொண்டு பின்பக்கம் முழுதாகத் திரும்பினாள். அப்படித் திரும்பக் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். வலியில் அவளிடமிருந்து வந்த சத்தத்தைத் துளசி கேட்டாள்.

"கிட்ட இருக்கு. ரொம்ப கிட்ட. சுவர் பக்கம் ஒடி."

துளசி கியரை ரிவர்சுக்கு இழுத்தாள். கைப்பிரேக்கை இறக்கினாள். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினாள். கால் மட்டும் பிரேக்கிலிருந்து எழவில்லை. எழு என்று தனக்குள் சொன்னாள். எழவில்லை. சேறு மறுபடி வழுக்க, சந்திரிகா "இப்ப விடு ம்மா, இப்ப விடு," என்றாள். துளசி கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்தாள்.

வண்டி பாயவில்லை. எஞ்சின் முனகிக்கொண்டு அதைப் பிடித்தது. சக்கரங்கள் உருண்டன. ஒரு நொடி வலப்பின் மூலை கீழே இறங்கியது. பிறகு வண்டி மெல்ல, மிக மெல்ல, சுவர்ப் பக்கமாகத் திரும்பியது. இடப்பக்கத் தகடு மலைச்சுவரில் உராய்ந்து கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

பள்ளத்துக்குள்ளிருந்து ஹைருலின் குரல் வந்தது. மோகனராஜ் கிடைத்துவிட்டான், உயிரோடு இருக்கிறான், கால் ஒடிந்திருக்கிறது. ஓடையில் தண்ணீர் ஏறுகிறது, தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன், விட்டுவிட்டு வர முடியாது, கீழே போய் ஆட்களைக் கூட்டி வா என்றான். துளசி கைப்பேசியைப் பார்த்தாள். சிக்னல் இல்லை. கணவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. ஹைருல்தான் மறுபடி, போ, போ என்றான்.

அவனைப் பார்க்காமல் போவது பின்னால் வழுக்குவதைவிடப் பெரிய பயமாக இருந்தது. தான் திரும்பி வரும்போது அந்தக் குரலும் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்வதென்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே வண்டியைப் பின்னால் விட்டாள். சந்திரிகா விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள்: கொஞ்சம் சுவர் பக்கம், நேரா, நேரா, போதும், இன்னும் கொஞ்சம். வளைவு தாண்டியது. பிரேக்கைத் தொட வேண்டும் என்று கால் துடிக்கும்போதெல்லாம் துளசி விரல்களை மடக்கிக்கொண்டாள். கொட்டகையருகே சிமெண்டு தட்டுப்பட்டதும் வண்டியைத் திருப்பினாள். கியரை இரண்டு முறை தப்பாகப் போட்டாள்.

கீழே ரோஹானா வாசலிலேயே நின்றிருந்தாள். வண்டியை அவள் ஓட்டி வருவதைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் போனை எடுத்து பொம்பாவுக்கு அடித்தாள். தீயணைப்பு மீட்புப் படையினர் வருவதற்குள், ஹைருலின் தம்பி ஐமான் பக்கத்துத் தோட்டத்து ஆட்களோடும் கயிற்றோடும் மோட்டார் சைக்கிள்களில் மேலே போனான். துளசியும் கிளம்பினாள். ஐமான் விடவில்லை. வழியில் இன்னொரு ஆள் விழுந்தால் தூக்க ஆளில்லை என்றான்.

அவள் ரோஹானா வீட்டு வாசலில் ஈரத்தோடு உட்கார்ந்தாள். சந்திரிகாவைச் சோபாவில் நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். மழை விட்டது, மலை ஆவி விட்டது. மேலேயிருந்து வந்த ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் துளசி எழுந்து நின்றாள். அவற்றில் எதுவும் செய்தி கொண்டுவரவில்லை. கடைசியில் பொம்பாக்காரர்களும் ஐமானும் ஸ்ட்ரெச்சரைத் தோளில் சுமந்து வளைவில் வருவது தெரிந்தபோது அவள் தேடியது அவன் முகத்தைத்தான். முகத்தை மூடியிருக்கவில்லை. மோகனராஜ் சேற்றுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தான். பல் கிடுகிடுத்ததில் அவனால் பேச முடியவில்லை.

காலெலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது, விலாவெலும்பிலும் ஒன்று. அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தபிறகும் அவன் அதிகம் பேசவில்லை. மருந்துதான் காரணம் என்று துளசி எண்ணினாள். ஒரு மாலை சந்திரிகா இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துளசி சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்போது அவன் மேற்கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

"நீ ரிவர்ஸ் எடுத்தப்ப நான் எங்க கெடந்தேன்னு தெரியுமா?"

"ஓடையில."

"ஓடைக்கு அப்பறம்தான் சறுக்கி விழுந்தோம். மொதல்ல பாதி வழியில ஒரு மரத்துல மாட்டி கெடந்தேன். உன் பின் டயருக்கு நேர் கீழ." கையைத் தூக்கி உயரத்தைக் காட்டினான். "டயர் பாதி வெளிய வந்துருச்சு. மண்ணு மூஞ்சில கொட்டுது. கத்துறேன், சத்தம் வரல. ஹைருல் குதிச்சு வந்து என் மேல கவுந்து படுத்துக்கிட்டான். ரெண்டு பேருக்கும் மேல காடி நிக்குது துளசி. நீ பிரேக்க விட்டப்ப அது எறங்குச்சு பாரு, அப்ப முடிஞ்சிச்சுன்னு நெனச்சேன்."

துளசி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வலப்பின் மூலை கீழே இறங்கிய அந்த ஒரு நொடி உடம்புக்குள் திரும்பி வந்தது. அன்று அவள் பயந்தது தனக்காகவும் சந்திரிகாவுக்காகவும். அவன் அடியில் கிடக்கிறான் என்று தெரிந்திருந்தால் கால் எழுந்தே இருக்காது. எழாமல் இருந்திருந்தால் வண்டி வழுக்கி அவன்மேல் போயிருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தாள்.

"சொல்லியிருக்க வேண்டாமோ," என்றான் மோகனராஜ்.

"சொன்னது நல்லதுதான்," என்றாள் அவள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஹைருலும் ரோஹானாவும் பழங்களோடு வந்தார்கள். ஹைருல் தோளில் கட்டு போட்டிருந்தான். விழுந்த மண்ணோடு ஒரு கல்லும் அவன்மேல் விழுந்திருக்கிறது. துளசி அவனிடம் நன்றி சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் ரோஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வண்டியைச் சுவரில் உரசிவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டாள். தகடு தட்டினால் சரியாகிவிடும் என்றான் ஹைருல். கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, வண்டி இன்னும் வேண்டுமா என்று கேட்டான்.

முதலில் பேசியவள் சந்திரிகாதான். அது முதுகை முறித்தாலும் சொன்ன பேச்சைக் கேட்ட காடி, அதையே வாங்கலாம் என்றாள். மோகனராஜ் துளசியைப் பார்த்தான். முன்பெல்லாம் அவன் பார்ப்பது சம்மதம் வாங்குவதற்காக இருக்கும். இப்போது உண்மையிலேயே அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தான்.

"நல்ல காடிதான்," என்றாள் துளசி. "ஆனா என்னால தெனம் அதுல ஒக்கார முடியாது. நீங்களும் மழைக்காலத்துல அந்த மேட்டுக்குக் காடிய கொண்டு போகக் கூடாது. எந்தக் காடியா இருந்தாலும் சரி."

மோகனராஜ் தலையை ஆட்டினான். ஹைருலும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தோட்டத்துக்குச் சாமான் ஏற்றுவதென்றால் ஐமான் காய்ந்த நாளில் தன் பிக்அப்பில் ஏற்றிக்கொடுப்பான் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, தானும் அன்றிலிருந்து அந்த வளைவுப் பக்கம் போகவில்லை, பழம் விழுந்து அழுகிக்கொண்டிருக்கிறது, கால் வரமாட்டேன் என்கிறது என்று சொன்னான். ரோஹானா அவனைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவளிடமும் அவன் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

ஷோரூம் வண்டியையே வாங்கினார்கள். துளசியும் சந்திரிகாவும் போய் எடுத்து வந்தார்கள். மோகனராஜ் வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்தான். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான், அடியில் குனிந்து பார்க்க முடியவில்லை, பின்கதவைத் திறந்து கட்டுப்போட்ட காலைச் சீட்டில் நீட்டி உட்கார்ந்தான். வசதியாக இருக்கிறதா என்று துளசி கேட்டாள். இருக்கிறது, கொஞ்ச தூரம் ஓட்டு, மெதுவாகவே ஓட்டு என்றான்.